அடியாத நாயும் படியும்

“அடியாத மாடு படியாது” என்பது நம்மிடையே வழிவழியாக வழங்கிவரும் பழமொழி. மாட்டுக்கென்று சொல்லப்பட்ட அப்பழமொழியை நாய்க்கும், சில வேளைகளில் பிள்ளைகளுக்கும்கூட நாம் பொருத்திக்கொள்கிறோம். செருப்பைக் கடித்த குட்டிக்கு அந்தச் செருப்பாலேயே ஓர் அடி. அழைத்தவுடன் வராத நாய்க்குச் சங்கிலியில் ஒரு சுண்டு. விருந்தினர்மேல் தாவிய நாய்க்கு ஓர் அதட்டல். இப்படிச் செய்தால்தான் நாய் அடங்கி நடக்கும் என்று பலரும் நம்புகின்றனர்.

அந்த நம்பிக்கை சரிதானா? கை ஓங்காமல், குரலை உயர்த்தாமல், சங்கிலியைச் சுண்டாமல் ஒரு நாய்க்கு நல்ல பழக்கங்களைக் கற்பிக்க இயலுமா? இயலும் என்பதே விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த அறிஞர்கள் கண்ட முடிவு. அம்முறைக்கு “நேர்மறை வலுவூட்டல்” என்று பெயர். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் உளவியல் பாடத்தில் இச்சொல்லைப் படித்திருப்பர். பெயர் சற்றுக் கடினமாக இருந்தாலும் பொருள் மிக எளியது. ஒரு செயலைச் செய்த உடனே நன்மை கிடைக்குமானால், அச்செயலை மறுபடியும் செய்யும் வழக்கம் வலுப்பெறும். இவ்வளவுதான்!

இந்த எளிய உண்மை எவ்வாறு கண்டறியப்பட்டது, அதனை எவ்வாறு கையாள்வது, நாயைப் பழக்கப் புறப்பட்ட மனிதரை அது எவ்வாறு பழக்குகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சங்கிலியும் சுண்டலும்

நாய்ப் பயிற்சியை முறைப்படுத்தி எழுதிவைத்த முன்னோடிகளுள் ஒருவர் ஜெர்மனியைச் சேர்ந்த கொன்ராட் மோஸ்ட். காவல்துறை நாய்களைப் பழக்கிய அவர் 1910-ஆம் ஆண்டில் ஒரு கையேட்டை வெளியிட்டார். அதில் பரிசுக்கும் இடமுண்டு. ஆயினும் நாய் மனிதனின் வலிமைக்குப் பணிந்தே தீரவேண்டும் என்ற கருத்தே அதில் ஓங்கி நின்றது. பின்னர் 1962-இல் அமெரிக்காவில் வில்லியம் கோலர் எழுதிய நூல் பெரும் புகழ் பெற்றது. தவறு செய்யும் நாயின் கழுத்தை இறுக்கும் சுருக்குச் சங்கிலி அம்முறையின் முக்கியக் கருவி.

இத்தகைய கடுமைக்கு அறிவியலின் பெயராலும் ஓர் ஆதரவு கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர் விலங்குக்காட்சிச் சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களை ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் ஆராய்ந்து, 1947-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவ்வோநாய்கள் தலைமைக்காக ஓயாமல் சண்டையிட்டன. ஓநாயின் வழிவந்ததே நாய்; எனவே நாயும் வீட்டில் தலைமைக்குப் போட்டியிடும்; மனிதன் அதை அடக்கித் தானே தலைவன் என்று காட்டவேண்டும் என்று பலர் முடிவு கட்டினர். டேவிட் மெக் என்ற அமெரிக்க அறிஞர் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற ஓநாய் நூலும் இக்கருத்தைப் பரப்பியது.

ஆனால் உண்மை வேறாக இருந்தது. கனடாவின் வடகோடியில், பனி சூழ்ந்த எல்ஸ்மியர் தீவில், அதே டேவிட் மெக் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் அருகிலிருந்து கவனித்தார். அங்கே அவர் கண்டது ஒரு குடும்பத்தை! தாய், தந்தை, அவற்றின் குட்டிகள். இவையே ஓநாய்க் கூட்டம். பெற்றோர் முன்னே செல்ல, பிள்ளைகள் பின்தொடர்ந்தன. பாசல் நகரில் நிகழ்ந்த சண்டைகள், உறவற்ற ஓநாய்களை ஒரே இடத்தில் அடைத்து வைத்ததன் விளைவு. மெக் 1999-இல் இதனை வெளிப்படையாக எழுதினார். தம்முடைய பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரையும் வேண்டிக்கொண்டார். தாம் எழுதியதைத் தாமே திருத்துவது அறிஞர்க்கு அழகு அன்றோ!

பூனையும் புறாவும் கற்றுத்தந்தவை

விலங்குகள் எவ்வாறு கற்கின்றன என்ற கேள்விக்கு விடை தேடிய முதல் அறிஞர்களுள் ஒருவர் எட்வர்டு தார்ன்டைக். 1898-இல் அவர் பசித்த பூனைகளைச் சிறு கூண்டுகளில் அடைத்தார். உள்ளே ஒரு கயிறு அல்லது தாழ். அதை இழுத்தாலோ அழுத்தினாலோ கதவு திறக்கும்; வெளியே உணவு காத்திருக்கும். முதலில் பூனை பிறாண்டும், கடிக்கும், கத்தும். தற்செயலாகத் தாழில் கை பட்டுக் கதவு திறக்கும். மறுபடியும் அடைத்தால் சற்று விரைவில் வெளியேறும். பன்முறை ஆனபின், உள்ளே விட்டவுடன் நேரே தாழை நோக்கிச் செல்லும். பயன் தந்த செயல் நிலைபெற்றது. பயன் தராத செயல்கள் தாமே உதிர்ந்தன.

அதே காலத்தில் ரஷ்யாவில் இவான் பாவ்லவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்தார். அத்துறைக்காகவே அவருக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது. உணவு வருமுன்பே, உணவு கொண்டுவருபவரின் காலடி ஓசைக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதை அவர் கண்டார். பொருளற்ற ஓர் ஒலியும் உணவோடு பலமுறை இணைந்து வந்தால், நாய்க்கு அது நற்செய்தியாகிவிடுகிறது.

இவ்விரண்டையும் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒரு கலையாக வளர்த்தவர் பி. எஃப். ஸ்கின்னர். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு மாவு ஆலையின் மேல்மாடியில் அவர் புறாக்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். ஓய்வான ஒரு நாளில், புறாவுக்குப் பந்து விளையாடக் கற்பிக்கலாமே என்று அவருக்கும் நண்பர்களுக்கும் தோன்றியது. புறா மரப்பந்தை அலகால் தட்டினால் தானியம் கொடுப்பதென்று காத்திருந்தனர். புறா தட்டவே இல்லை. காத்திருந்து சலித்தவர்கள் வேறொரு வழியை மேற்கொண்டனர். புறா பந்தைப் பார்த்தாலே தானியம் கொடுத்தனர். பிறகு அலகைப் பந்தருகே கொண்டுபோனால் கொடுத்தனர். பிறகு தொட்டால் கொடுத்தனர். சில நிமிடங்களில் பந்து பெட்டியின் சுவர்களில் மோதி உருண்டோடத் தொடங்கியது!

அன்று அவர்கள் கண்டது பெரிய உண்மை. முழுச் செயல் நிகழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சரியான திசையில் வைக்கும் மிகச் சிறிய அடிக்கும் பரிசு தரலாம். சிறு துளி பெருவெள்ளம் என்பது கற்றலுக்கும் பொருந்தும்.

சீழ்க்கை ஒலியும் டால்ஃபினும்

ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிரீலண்ட், மரியன் பிரீலண்ட் தம்பதியர் இக்கலையைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே கொண்டுவந்தனர். ஆர்க்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் 1955-இல் அவர்கள் தொடங்கிய காட்சிச்சாலையில் கோழிகள் நடனமாடின. வாத்துகள் இசைக்கருவி வாசித்தன. நூற்றுக்கும் மேற்பட்ட உயிரின வகைகளை அவர்கள் பழக்கினர்.

நாய்க்கு வலிக்காத முறை நாயிடமிருந்து தொடங்கவில்லை என்பது வியப்புக்குரியது. கோழியைச் சங்கிலி போட்டு இழுத்து நடனம் கற்பிக்க முடியாது. டால்ஃபினையோ அடிக்கவே முடியாது. கோபித்தால் அது ஆழத்துக்கு நீந்திப் போய்விடும்! ஹவாய்த் தீவில் 1964-இல் திறக்கப்பட்ட கடல்வாழ் உயிரினக் காட்சிச்சாலையில் டால்ஃபின்களைப் பழக்கிய கேரன் பிரையர் அம்மையாருக்கு ஒரு வாளி மீனும் ஒரு சீழ்க்கையுமே கருவிகள். டால்ஃபின் உயரத் துள்ளும் அந்தக் கணத்தில் மீனை அதன் வாயில் போட இயலாது. எனவே சீழ்க்கை ஒலிக்கும்; “நீ இப்போது செய்தது சரி; மீன் வருகிறது” என்பது அதன் பொருள். செயலுக்கும் பரிசுக்கும் இடையிலுள்ள நேரத்தை அவ்வொலி ஒரு பாலம்போல் இணைத்தது.

1984-இல் அவர் எழுதிய நூலின் பெயர் “நாயைச் சுடாதே” என்று பொருள்படும். பெயரைக் கண்டு நாய்ப் பயிற்சி நூல் என்று வாங்கியவர்கள், அதில் பிள்ளைகள், கணவன் மனைவி, அலுவலகத் தோழர் என மனிதரைப் பற்றியே மிகுதியாகப் பேசக் கண்டனர். 1990-களின் தொடக்கத்தில் அவரும் பிற பயிற்சியாளர்களும் இம்முறையை நாய் வளர்ப்போரிடையே பரப்பினர். சீழ்க்கைக்குப் பதிலாக “கிளிக்கர்” வந்தது. அழுத்தினால் “டிக்” என்று ஒலிக்கும் சிறு கருவி அது. திருவிழாக் கடைகளில் பிள்ளைகள் வாங்கும் தகர விளையாட்டுச் சாமானை ஒத்தது.

வீட்டில் கற்பிப்பது எப்படி?

விருந்தினரைக் கண்டவுடன் தாவி ஏறும் நாய்க்கு, உட்கார்ந்து வரவேற்கும் பழக்கத்தைக் கற்பிப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலாவது, ஒலிக்குப் பொருள் கற்பிக்க வேண்டும். கிளிக்கர் இல்லாவிடில் “சரி!” என்ற ஒரே சொல்லை ஒரே குரலில் சொன்னாலும் போதும். ஒலி, உடனே ஒரு சிறு தீனி. இவ்வாறு பத்துப் பதினைந்து முறை செய்தால், ஒலி கேட்டவுடன் நாய் ஆவலோடு நம் முகத்தைப் பார்க்கும். உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்த கோழித்துண்டு, பட்டாணி அளவு இருந்தால் போதுமானது. வெங்காயம், சாக்லேட், திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு, அவற்றைத் தரலாகாது.

இரண்டாவது, காத்திருந்து கவனிக்க வேண்டும். எந்த நாயும் சற்று நேரத்தில் தானாகவே உட்காரும். உட்காரும் அதே நொடியில் “சரி!” என்று சொல்லித் தீனியைக் கொடுக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும், எழுந்து நின்றதற்குப் பரிசு கொடுத்ததாக ஆகிவிடும். காலந்தவறிய பரிசு, தவறான பாடத்தையே கற்பிக்கும்.

மூன்றாவது, சொல்லைக் கடைசியில் சேர்க்க வேண்டும். நாய் உட்காரத் தொடங்கும் பழக்கம் உறுதியான பின்னரே, அதற்குச் சற்று முன்னதாக “உட்கார்” என்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நாயோடு மட்டும் “சிட்”, “கம்” என்று ஆங்கிலத்தில் பேசுவோர் பலர். நாய்க்கு எம்மொழியும் ஒன்றே! ஆனால் வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். அப்பா “சிட்” என்றும், பாட்டி “குந்து” என்றும், தம்பி “உட்கார்டா” என்றும் சொன்னால் நாய் யார் சொல்லைக் கேட்கும்?

நான்காவது, படிப்படியாகக் கடினமாக்க வேண்டும். முதலில் அமைதியான அறை, பிறகு திண்ணை, பிறகு வீட்டிலுள்ள ஒருவர் வெளியே சென்று கதவைத் தட்டி வருதல், கடைசியில் உண்மையான விருந்தினர். ஒரு படியில் நாய் தடுமாறினால், முந்திய படிக்கு இறங்கிவர வேண்டும். கணக்கில் பெருக்கல் வராத பிள்ளைக்கு நேரே வகுத்தல் கற்பிப்போமா? ஒவ்வொரு பாடமும் மூன்று நான்கு நிமிடங்களுக்குமேல் நீளாதிருத்தல் நலம்.

ஐந்தாவது, தவறுக்கு வாய்ப்பளிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாய் ஏன் தாவுகிறது? நம் கவனத்தை ஈர்க்கவே. நாம் கத்துவதும் தள்ளுவதும்கூட அதற்கு ஒருவகைக் கவனிப்பே. அதனால் தாவுதல் வலுப்பெறுகிறது! தாவினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் நிற்க வேண்டும். நான்கு காலும் தரையில் பதிந்தவுடன் பாராட்ட வேண்டும். பழகும்வரை விருந்தினர் வரும்போது நாயைக் கட்டிவைப்பதில் குற்றமில்லை. அவ்வாறே செருப்பைக் கடிக்கும் குட்டிக்கு எட்டாத உயரத்தில் செருப்பை வைத்துவிட்டு, கடிப்பதற்கு வேறொரு பொருளைக் கொடுப்பதே அறிவுடைமை.

இது லஞ்சம் ஆகாதா?

“தீனி கொடுத்தால்தானே கேட்கிறது, இது லஞ்சமல்லவா?” என்று சிலர் கேட்பர். லஞ்சம் என்பது வேலைக்கு முன்னே காட்டி ஆசையூட்டுவது. கூலி என்பது வேலை முடிந்தபின் தருவது. நாய் உட்காருமுன் தீனியை ஆட்டிக் காட்டிக்கொண்டே இருந்தால் அது லஞ்சமே. அத்தகைய நாய் தீனி இல்லாத கையை மதிக்காது. உட்கார்ந்தபின் தருவது கூலி. பழக்கம் ஊறிய பின் ஒவ்வொரு முறையும் தீனி தேவையில்லை. பந்தை எறிந்து விளையாடுதல், தோட்டத்தில் ஓடவிடுதல், அன்பாகத் தடவிக்கொடுத்தல் ஆகியவையும் பரிசுகளே. எது பரிசு என்பதை முடிவு செய்வது மட்டும் நாய்தான். சில நாய்களுக்குத் தலையில் தட்டிக்கொடுப்பது பிடிக்காது. அவற்றுக்கு நம் செல்லமே தண்டனையாகிவிடும்.

“கடிந்து சொல்லாவிட்டால் நாய் கெட்டுப்போகாதா?” என்றும் கேட்கலாம். தண்டனையும் நடத்தையை மாற்றும் என்பதை உளவியல் மறுக்கவில்லை. ஆனால் அடி எதைக் கற்பிக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எதைச் செய்யக்கூடாது என்று ஒருவேளை சொல்லும். எதைச் செய்யவேண்டும் என்று ஒருபோதும் சொல்லாது. மேலும் நாயின் மனத்தில் அடி எதனோடு இணையும் என்பது நம் கையில் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்து நாய் குரைக்கும்போது சங்கிலியைச் சுண்டினால், “குரைத்ததால் வலி” என்று அது கற்குமா, “இக்குழந்தை வந்தால் வலி” என்று கற்குமா? இரண்டாவதைக் கற்றுவிட்டால், விளைவு என்னவாகும்!

இங்குதான் பெற்றோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நாயின் உறுமல் ஓர் எச்சரிக்கை. “எனக்கு அச்சமாக இருக்கிறது, விலகிப் போ” என்பதே அதன் பொருள். உறுமும் போதெல்லாம் அடித்தால் நாய் உறுமுவதை நிறுத்திவிடலாம், அச்சம் நீங்குவதில்லை. சீறும் பாம்பைக் கண்டு விலகலாம். சீறாமல் கொத்தும் பாம்பிடமிருந்து எப்படித் தப்புவது? “இதுவரை ஒன்றும் செய்யாத நாய், திடீரென்று கடித்துவிட்டது” என்று சொல்லப்படும் நிகழ்ச்சிகள் சிலவற்றின் பின்னே, இவ்வாறு வாயடைக்கப்பட்ட உறுமல் இருக்கலாம். அத்தகைய நாய்க்குப் பெரும்பாலும் வீட்டில் இடம் கிடைப்பதில்லை. கடிபட்டது ஒரு குழந்தை. தெருவில் விடப்பட்டது ஒரு நாய். இருவருக்கும் தீங்கு!

மாணவியர் ஒன்றை நினைவிற் கொள்க: இக்கட்டுரையில் கூறிய பயிற்சி, நம் வீட்டு நாய்க்கு, பெரியோர் துணையோடு செய்வதற்குரியது. பழக்கமில்லாத நாயை நெருங்கலாகாது. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆராய்ச்சி கூறுவது

அன்பு முறையே நல்லது என்பது வெறும் இரக்க உணர்ச்சியா? போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகரில் நடந்த ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. பரிசு முறையைப் பின்பற்றும் பயிற்சிப் பள்ளிகளிலும், கடுமுறையைக் கையாளும் பயிற்சிப் பள்ளிகளிலும் பயின்ற 92 வீட்டு நாய்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். பயிற்சியின்போது அவற்றைப் படம்பிடித்தனர். மன இறுக்கத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்னும் சுரப்பை அறிய உமிழ்நீரையும் சோதித்தனர். கடுமுறையில் பயின்ற நாய்கள் அடிக்கடி உதட்டை நக்கின, கொட்டாவி விட்டன, மூச்சிரைத்தன. அவற்றின் கார்ட்டிசால் அளவும் பயிற்சிக்குப்பின் உயர்ந்திருந்தது.

இன்னொரு சோதனை மேலும் சுவையானது. அறையின் ஒரு பக்கத்தில் வைத்த கிண்ணத்தில் எப்போதும் உணவு இருக்கும். மறுபக்கத்துக் கிண்ணம் எப்போதும் வெறுமையாக இருக்கும். நாய் இதனைக் கற்றபின், கிண்ணத்தை நடுவே வைத்தனர். உணவு இருக்குமா, இராதா? பரிசு முறையில் பயின்ற நாய்கள் நம்பிக்கையோடு விரைந்தன. மிகுந்த கடுமைக்குள்ளான நாய்கள் தயங்கித் தயங்கி நடந்தன. பயிற்சி நேரம் முடிந்து வேறோர் இடத்துக்கு வந்தபின்னும், நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை அவற்றிடம் குறைந்திருந்தது. 2020-இல் வெளியான இவ்வாராய்ச்சியை அடுத்து, 2021-இல் விலங்கு நடத்தையைப் பயிலும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம், எல்லா நாய்களுக்கும் பரிசு முறையே ஏற்றது என்று அறிவித்தது.

கண் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் நிறுவனங்களும் இம்முறைக்கு மாறியுள்ளன. உணவு கொடுத்துப் பழக்கினால் உணவு விடுதியைக் கண்டதும் நாய் கடமையை மறந்துவிடும் என்று முற்காலத்தில் அஞ்சினர். 1942-இல் கலிபோர்னியாவில் தோன்றிய வழிகாட்டி நாய்ப் பள்ளி உள்ளிட்ட பல பள்ளிகள், இந்த நூற்றாண்டில் தீனியையும் கிளிக்கரையும் கைக்கொண்டன. அச்சம் மெய்யாகவில்லை. நாயைவிட்டு எலிக்குச் சென்றாலும் இதே கதைதான். டான்சானியாவில் “டிக்” ஒலியாலும் வாழைப்பழத்தாலும் பழக்கப்பட்ட மகாவா என்ற பெரிய ஆப்பிரிக்க எலி, கம்போடியாவில் 39 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்து, 2020-இல் விலங்குகளின் வீரத்துக்கான தங்கப் பதக்கம் பெற்றது!

எனினும் விலங்கு ஓர் எந்திரமன்று என்பதையும் மறத்தலாகாது. பிரீலண்ட் தம்பதியர் இரக்கூன் என்னும் விலங்குக்குக் காசுகளை உண்டியலில் போடக் கற்பித்தனர். ஒரு காசை அது ஒருவாறு போட்டது. இரண்டு காசுகளைக் கொடுத்தபோதோ, இரையைக் கழுவுவதுபோல் அவற்றைக் கைகளில் தேய்த்துக்கொண்டே இருந்தது. கருமியைப்போல் விடவே மறுத்தது. உயிரினத்தின் இயல்பை எந்தப் பரிசும் அழித்துவிடாது என்று 1961-இல் அவர்கள் எழுதினர். மோப்பம் பிடிக்கும் நாயை மோப்பம் பிடிக்காதே என்பது வீண். மோப்பம் பிடிக்க விடுவதையே பரிசாக்குவது விவேகம்.

கோழியிடம் பாடம் கேட்ட பயிற்சியாளர்கள்

1965-இல் கெல்லர் பிரீலண்ட் மறைந்தபின், மரியனும் அவருடன் பணியாற்றிய பாப் பெய்லியும் அப்பணியைத் தொடர்ந்தனர். பிற்காலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸுக்கு நாய்ப் பயிற்சியாளர்கள் வந்து பயின்றனர். அங்கே அவர்களுக்குத் தரப்பட்டது நாயன்று, கோழி! காரணம் உண்டு. நாய் பொறுமையுடையது, பயிற்சியாளர் தவறினாலும் அவர் மனத்தை ஊகித்து நடந்துகொள்ளும். கோழியோ கண்ணிமைக்கும் நேரத்தில் வேறெதையேனும் கொத்திவிடும். கணம் தவறித் தானியம் கொடுத்தால் தவறானதைக் கற்கும். கஞ்சத்தனம் செய்தால் விட்டுவிட்டுப் போய்விடும். கோழி கற்கவில்லையென்றால் குறை ஆசிரியரிடம் என்பதை எவரும் மறுக்க முடியாது.

அன்று ஹாட் ஸ்பிரிங்ஸ்வரை பயணம் செய்ய முடிந்தவர்களுக்கே கிடைத்த அப்பாடம், இன்று வீட்டுக்கே வருகிறது. 2020-இல் கொரோனா பெருந்தொற்று பரவியபோது, நாய்ப் பயிற்சியாளர்களின் மாநாடுகளும் இணையவழியில் நடக்கத் தொடங்கின. கையில் கைபேசியும் சிறிது ஆங்கிலமும் இருந்தால், பல நாட்டு வல்லுநர்களின் உரைகளைத் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தே கேட்கலாம். இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. கற்பவர்கள் தாம் நாயைப் பழக்குவதைப் படம்பிடித்து அனுப்ப, அதனை மெதுவாக ஓடவிட்டுக் காட்டுவர். நாய் உட்கார்ந்தது எப்போது? “சரி” என்ற சொல் வந்தது எப்போது? சொல்லுக்கு முன்பே கை தீனிப் பைக்குள் போய்விட்டதா? நாய் சொல்லைக் கேட்கிறதா, கையைப் பார்க்கிறதா? நாயின் பிடிவாதம் என்று எண்ணியது, பெரும்பாலும் மனிதரின் கை செய்த குழப்பமாகவே முடியும். திரையில் நாயைப் பார்க்க அமர்ந்தவர், தம்மையே பார்த்துக்கொண்டு எழுகிறார்.

நாம் கற்க வேண்டியது

இம்முறையின் உயிர்நிலை தீனியில் இல்லை, கண்ணில் இருக்கிறது. நாய் ஒரு நாளில் பலமுறை அமைதியாகப் படுத்திருக்கிறது, அழைத்தால் வருகிறது, குழந்தைக்கு வழிவிட்டு நகர்கிறது. அப்போதெல்லாம் நாம் அதைப் பார்ப்பதே இல்லை. குரைத்தால் மட்டும் திரும்பிப் பார்க்கிறோம். கடித்தால் மட்டும் எழுந்து ஓடுகிறோம். தவறைக் காண யாருக்கும் பயிற்சி வேண்டுவதில்லை. அது தானே வந்து கண்ணில் குத்தும். நல்லதைக் காணத்தான் பயிற்சி வேண்டும். அதிலும் அது நிகழும் கணத்திலேயே காணப் பெரும் பயிற்சி வேண்டும்.

பிள்ளைகள் நாய்கள் அல்லர். தீனிக்கும் ஒலிக்கும் பழக்கப்பட வேண்டியவர்களும் அல்லர். அவர்களுக்குக் காரணம் சொல்லலாம்; மன்னிப்புக் கேட்கவும் மன்னிக்கவும் அவர்கள் அறிவர். ஆயினும் நல்லதைத் தேடும் கண், வீட்டிலும் வகுப்பிலும் வீணாகாது. ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் பேசிய இருவரின் பெயர் கரும்பலகையில் ஏறுகிறது. அமைதியாகப் படித்த நாற்பத்தெட்டுப் பேரை யார் பார்த்தார்கள்?

அன்பு மாணவியரே! உங்கள் வீட்டில் நாய் இருந்தால், இன்று மாலை பத்தே நிமிடம் அதனைக் கவனியுங்கள். அது செய்யும் நல்ல செயல்களை மட்டும் விரல்விட்டு எண்ணுங்கள். பத்து விரல் போதாமல் போவதைக் காண்பீர்கள். அதன்பின் தொடங்குங்கள் உங்கள் முதல் பாடத்தை. அடியாத மாடு படியாது என்றனர் நம் முன்னோர். அன்போடும் பொறுமையோடும் கவனிப்பவர் கையில், அடியாத நாயும் படியும்!